சவ்வுக்காகக் காத்திருந்த மின்கலம்

மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன் நான். கலைப் பாடம் பயின்றவன். ரசாயனம் எனக்குப் பள்ளியோடு நின்றுவிட்டது. ஆனால் எங்கள் மேஜைக்கு வரும் கோப்புகள் எங்கள் படிப்பை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஹைட்ரஜன் வாயுவால் ஓடும் பேருந்தைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும்படி பணித்தார்கள். அவ்வண்டிக்கு உயிர் தரும் கருவியில், இரண்டு மின்வாய்களுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருப்பதாகக் குறிப்பு கூறிற்று. இரு புறத்து வாயுக்களையும் கலக்கவிடாமல் பிரித்து வைப்பது அத்தாள் என்று கண்டதும், அதற்குத் ‘தடுப்பு’ என்று பெயரிட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த பொறியாளர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “தடுப்பதற்கு ஒரு கண்ணாடித் தகடு போதுமே, ஐயா. இது ஒன்றை விடுகிறது, மற்றவற்றை மறிக்கிறது. விடுவதுதான் இதன் தொழில். சவ்வு என்று எழுதுங்கள்.”

வெட்கத்தோடு திருத்தினேன். அந்த வெட்கமே இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கவும் செய்தது. படித்தபின் தெரிந்தது: நான் ஒரு சொல்லில் செய்த பிழையை நீக்க விஞ்ஞான உலகத்துக்கே நூறாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. எரிபொருள் மின்கலம் என்னும் அக்கருவியின் தத்துவம் 1839-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதற்குத் தகுந்த சவ்வு கிடைத்ததோ 1955-ஆம் ஆண்டில். இடைப்பட்ட நூற்றுப் பதினாறு ஆண்டுகளும் அறிவுக்குப் பஞ்சமில்லை, பொருளுக்குத்தான் பஞ்சம்.

முதலில் கருவியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடினால் நீர் உண்டாகும். கூடும்போது சக்தி வெளிப்படும். தீயிட்டுக் கூட்டினால் அச்சக்தி வெப்பமாகிச் சிதறிவிடும். தீயில்லாமல் கூட்டினால் மின்சாரமாகவே அதைப் பெறலாம். எவ்வாறு? ஒரு மின்வாயில் ஹைட்ரஜன் அணு புரோட்டான், எலெக்ட்ரான் என்று இரண்டாகப் பிரிகிறது. புரோட்டான் நடுவே உள்ள பொருளினூடே நேராக மறுகரை சேர்கிறது. எலெக்ட்ரானுக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. அது வெளியிலுள்ள கம்பி வழியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுற்றுப் பயணமே மின்சாரம். மறுகரையில் பிராணவாயு இரண்டையும் ஏற்றுக்கொள்ள, நீர் பிறக்கிறது. புகையில்லை, சாம்பலில்லை. ஆகவே நடுவே உள்ள பொருள் புரோட்டானை விட வேண்டும். எலெக்ட்ரானை மறிக்க வேண்டும். இருபுறத்து வாயுக்களையும் மறிக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் பொருளைத் தேடிய கதையே நான் சொல்லப்போவது.

கதையின் முதல் நாயகர் வில்லியம் ராபர்ட் குரோவ். வேல்ஸ் நாட்டின் சுவான்ஸீ நகரில் 1811-இல் பிறந்தவர்; தொழிலால் வழக்கறிஞர், பிற்காலத்தில் நீதிபதி. 1839-இல், கந்தகத் திராவகத்தில் பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, ஒன்றை ஹைட்ரஜனும் மற்றொன்றைப் பிராணவாயுவும் சூழச் செய்தால் மின்சாரம் பிறப்பதை அவர் கண்டார். அதே காலத்தில் பேஸல் நகரில் ஷோன்பைன் என்ற பேராசிரியரும் இவ்விளைவைக் கண்டிருந்தார். குரோவ் 1842-இல் பல கலங்களைத் தொடுத்து ‘வாயு மின்கல அடுக்கு’ ஒன்றை அமைத்தார். அதிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டே நீரைப் பிளந்து, மீண்டும் அவ்விரு வாயுக்களையும் பெற்றுக் காட்டினார்.

குரோவ் ஒரு நுட்பத்தையும் கண்டார். வாயுவும், திராவகமும், பிளாட்டினமும் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் வினை நிகழ்கிறது. தகடு முழுவதும் திராவகத்தில் மூழ்கினால் வாயு அதைத் தீண்டுவதில்லை. முழுவதும் வாயுவில் நின்றால் புரோட்டானுக்கு வழியில்லை. ஈரமும் உலர்வும் சந்திக்கும் ஒரு கோட்டில் மட்டுமே மின்சாரம் பிறந்தது. அந்தக் கோட்டைப் பரப்பாக்குவது எப்படி? இக்கேள்வியை அவர் பிற்காலத்தாருக்கு விட்டுச் சென்றார்.

இனி, அதே 1839-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பெர்லின் நகரத்துக்கு வருவோம். எட்வார்ட் ஸைமன் என்ற மருந்து வணிகர் ‘ஸ்டோராக்ஸ்’ என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து, மணமுள்ள எண்ணெய் ஒன்றை எடுத்தார். அதற்கு ‘ஸ்டைரால்’ என்று பெயரிட்டார். சில நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய் குழம்பாக இறுகிக் கிடந்தது. காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து கெட்டுவிட்டது என்று அவர் எண்ணினார். 1845-இல் பிளைத், ஹாப்மன் என்ற இருவர் சோதித்து, புதிதாக எதுவும் சேரவில்லை என்று காட்டினார்கள். சேர்ந்தது எதுவுமில்லை என்றால் இறுகியது ஏன்? விடை வர எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலிகளாகின்றன என்று ஹெர்மன் ஷ்டவுடிங்கர் 1920-இல் கூறினார். அக்கால ரசாயன அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அச்சங்கிலிப் பொருள்களையே இன்று பாலிமர் என்கிறோம். ஸைமனின் குழம்பு பாலிஸ்டைரீன்.

ஆக, ஒரே ஆண்டில் ஒருவரிடம் மின்கலம் இருந்தது. மற்றொருவரிடம் அதற்கு வேண்டிய பொருளின் கரு இருந்தது. ஒருவர் பெயரை மற்றவர் அறிந்திருக்க நியாயமில்லை.

குரோவுக்குப் பின் வந்தவர்கள் திராவகத்தோடு போராடினார்கள். 1889-இல் இங்கிலாந்தில் தொழிலதிபர் லுட்விக் மாண்டும், அவருடைய துணைவர் சார்லஸ் லாங்கரும் திராவகத்தை ஜாடியில் வைப்பதை விட்டு, சாந்துக்கட்டி போன்ற நுண்துளைப் பலகையில் ஊறவைத்தார்கள். அதன் இருபுறமும் பிளாட்டினத் தூளைப் பரப்பினார்கள். 0.73 வோல்ட் கிடைத்தது. அது மெச்சத்தக்க அளவே. ஆனால் பிளாட்டினத் தூள் நனைந்தால் சோம்பிப் போயிற்று. பலகை காய்ந்தால் ஓட்டம் நின்றுபோயிற்று. பிளாட்டினத்தின் விலையோ சொல்லவேண்டியதில்லை.

தோல்வி தோல்வியாக இருந்தும் ஆசை மட்டும் மாயவில்லை. 1894-இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்ற ஜெர்மன் அறிஞர், நிலக்கரியின் சக்தியில் பெரும்பகுதியை நீராவி எந்திரம் வீணாக்குவதைச் சுட்டிக்காட்டி, தீயில்லாமல் நேராக மின்சாரம் எடுப்பதே வருங்கால வழி என்று உரைத்தார். புகையற்ற நகரங்களை அவர் மனக்கண்ணால் கண்டார். மார்கழி மாதத்து டில்லியில் எதிர்வீடு தெரியாமல் நிற்கும் நமக்கு அக்கனவின் அருமை விளங்கும்.

இங்கிலாந்துப் பொறியாளர் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் 1930-களில் தொடங்கி, திராவகத்துக்குப் பதில் காரநீரையும் பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கலையும் பயன்படுத்தி, 1959-இல் ஐந்து கிலோவாட் கருவியை இயக்கிக் காட்டினார். சந்திரனுக்குச் சென்ற அப்பாலோ கலங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் தந்தது அவ்வழி வந்த மின்கலமே. எனினும் அதுவும் திரவத்தைத் தாங்கிய கருவிதான். கசிவு, அரிப்பு, காற்றிலுள்ள கரியமில வாயு காரநீரைக் கெடுப்பது ஆகிய தொல்லைகள் அதனை விட்டு நீங்கவில்லை. சாலையில் ஓடும் வண்டிக்குத் திரவமே இல்லாத வழி வேண்டும்.

அந்த வழி உழவு நிலத்திலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கலாம். 1850-இல் இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்ற இருவர் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அம்மோனிய உப்பு கலந்த நீரை மண்ணில் ஊற்றினால், மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு சுண்ணத்தை வெளியே விடுகிறது. இதுவே அயனி மாற்றம். மண்ணில் சில இடங்கள் நிலையாக இருக்கின்றன. அவ்விடங்களில் அமரும் அயனிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர் இருவர், செயற்கைப் பிசின்களும் இவ்வேலையைச் செய்யும் என்று நிறுவினார்கள். உடைந்த இசைத்தட்டு ஒன்றைப் பொடித்துப் பார்த்ததில் அவர்களுக்கு இவ்வெண்ணம் பிறந்ததாக ரசாயனத் துறையினர் இன்றும் கதை சொல்வதுண்டு.

அடுத்த அடியை எடுத்தவர் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்த டாலெலியோ. அவர் பாலிஸ்டைரீனுடன் கந்தகத் திராவகத்தை வினைபுரியச் செய்து, அமிலத்தின் முனையைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே பிணைத்துவிட்டார். 1944-இல் காப்புரிமை கிடைத்தது. பெர்லின் மருந்து வணிகரின் குழம்பும் வேல்ஸ் வழக்கறிஞரின் திராவகமும் சந்தித்த இடம் இதுவே. ஆனால் சந்தித்தது நீரைச் சுத்தம் செய்யும் பிசினுக்காக. மின்கலத்தைப் பற்றி எவரும் நினைக்கவில்லை.

நினைத்தவர் அதே நிறுவனத்தின் தாமஸ் கிரப். 1955-இல் அவர், இவ்வகைப் பிசினைத் தாளாக்கி, குரோவின் திராவகம் இருந்த இடத்தில் வைத்தார். அமிலம் இருக்கிறது, ஆனால் கொட்டாது; சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது. புரோட்டான் மட்டும் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் தாவிச் செல்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1958-இல், லெனார்ட் நீட்ராக் பிளாட்டினத்தைச் சவ்வின் மேலேயே படியவைக்கும் முறையைக் கண்டார். மின்வாயும் சவ்வும் ஓருடலாயின. அந்த எளிய அடுக்குதான் இன்று வரை இவ்வகைக் கலங்களின் அமைப்பு.

1965 ஆகஸ்டு 21 அன்று ஜெமினி-5 விண்கலம் கூப்பர், கான்ராட் என்ற இரு வீரர்களோடு எட்டு நாள் பயணமாகப் புறப்பட்டபோது, அதில் இந்தச் சவ்வுக் கலம் இருந்தது. விண்வெளியில் எரிபொருள் மின்கலம் பணிபுரிந்தது அதுவே முதல் முறை. பிராணவாயுத் தொட்டியில் அழுத்தம் குறைந்து முதல் நாளே கவலை தந்தபோதிலும், பயணம் முழுமையாக நிறைவேறிற்று. ஆனால் ஒரு குறை. அப்பாலோவில் மின்கலம் தந்த நீரை வீரர்கள் குடித்தார்கள். ஜெமினியில் குடிக்க இயலவில்லை. சவ்வு மெல்ல மெல்லச் சிதைந்து நீரில் கலந்துகொண்டிருந்தது. வினையின்போது இடையில் பிறக்கும் பெராக்ஸைடு போன்ற முரட்டுப் பொருள்கள், சங்கிலியில் கரியும் ஹைட்ரஜனும் இணைந்திருக்கும் இடங்களைக் கடித்து அறுத்தன. சில நாள் பயணத்துக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய வண்டிக்குப் போதாது.

கடிபடாத சங்கிலி வேண்டும். அது ஏற்கெனவே பிறந்திருந்தது, அதுவும் தற்செயலாக. 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற இளைஞர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடும் ஆராய்ச்சியில் உருளை ஒன்றைத் திறந்தார். வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெண்மைத் தூள். வாயு தானே சங்கிலியாகியிருந்தது. ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடமெல்லாம் புளூரின். நம் வீட்டுத் தோசைக் கல்லில் பூசப்படும் டெப்லான் அதுவே. அமிலமும் அசைக்காது, நீரும் ஒட்டாது.

1960-களில் அதே நிறுவனத்தின் வால்தர் கிராட், டெப்லான் போன்ற முதுகெலும்பில் கந்தக அமில முனைகளைக் கிளைகளாகத் தொங்கவிட்டு, ‘நேபியான்’ என்னும் பாலிமரை உருவாக்கினார். இதன் உள்ளமைப்பு வினோதமானது. முதுகெலும்பு நீரை வெறுக்கிறது. அமிலக் கிளைகள் நீரை விரும்புகின்றன. இரண்டும் விலகி நிற்க முயலும்போது சவ்வுக்குள் மிக நுண்ணிய நீர்க் கால்வாய்கள் அமைகின்றன. அவற்றின் வழியே புரோட்டான் ஓடுகிறது. ஆகையால் இச்சவ்வு ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்தால் கால்வாய் வற்றிவிடும். 1969-இல் பயோசாட்டிலைட் என்ற அமெரிக்கத் துணைக்கோளில் இச்சவ்வு கொண்ட மின்கலம் பறந்தது.

ஆயினும் நேபியானுக்குச் சோறு போட்டது மின்கலமல்ல. உப்பு நீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில். அத்தொழிலில் பழைய முறை பாதரசத்தை நம்பியிருந்தது. மினமாட்டா நகரின் பாதரச நோய் ஜப்பானை உலுக்கிய பின், அந்நாடு பாதரச முறையைக் கைவிட முனைந்தது. 1975 முதல் சவ்வு முறை ஆலைகள் அங்கு எழுந்தன. ஒரு நோயின் பாடத்தால் வளர்ந்த தொழிற்சாலைச் சவ்வே, பின்னர் மின்கலத்துக்கும் தாராளமாகக் கிடைத்தது.

சவ்வு ஆயிற்று. மின்வாயின் கதி என்ன? குரோவ் விட்டுச் சென்ற கேள்வி இன்னும் நின்றது: மூன்றும் சந்திக்கும் கோட்டைப் பரப்பாக்குவது எப்படி? இங்கும் பாலிமரே கை கொடுத்தது. பிளாட்டினத்தின் நுண்தூளோடு டெப்லான் துகளைக் கலந்து அழுத்தினார்கள். டெப்லான் தூள்களைக் கட்டி வைத்தது. தண்ணீர் தேங்காமல் துரத்தி வாயுவுக்குச் சந்து விட்டது. மாண்டும் லாங்கரும் பட்ட பாடு இவ்வாறு தீர்ந்தது. நீட்ராக்கும் அவர் துணைவரும் 1965-இல் இத்தகைய மின்வாய்களைப் பற்றி எழுதினார்கள்.

எனினும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு மில்லிகிராம் பிளாட்டினம் வேண்டியிருந்தது. உள்ளே புதைந்த துகள்களுக்குப் புரோட்டான் எட்டாததே காரணம். 1986-இல் லாஸ் ஆலமோஸ் ஆய்வுக்கூடத்தின் ரெய்ஸ்ட்ரிக் எளிய வழி ஒன்றைக் கண்டார். நேபியானைக் கரைசலாக்கி மின்வாய்க்குள்ளேயே ஊறவிட்டார். சவ்வு ஒவ்வொரு துகளுக்கும் வேர் விட்டது போலாயிற்று. பிளாட்டினத்தின் தேவை ஏறக்குறைய பத்தில் ஒன்றாய்க் குறைந்தது. இம்முறையை வளர்த்தவர்களுள் ஒருவர் சுப்பிரமணியம் சீனிவாசன். பாக்ரிஸுடன் சேர்ந்து 1969-இலேயே எரிபொருள் மின்கலங்களின் மின்ரசாயனம் குறித்துப் பெரு நூல் எழுதியவர் அவர். பின்னர் கனடாவின் வான்கூவர் நகரில் 1993-இல் இவ்வகைக் கலத்தால் ஓடும் பேருந்து காட்டப்பட்டதும், 2014-இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் ‘மிராய்’ காரை விற்பனைக்கு விட்டதும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்த மாடிகளே.

இதோடு நிறுத்தினால் கதை மங்களமாக முடியும். ஆனால் வரலாறு எழுதுபவன் கணக்கின் மறுபக்கத்தையும் காட்டக் கடமைப்பட்டவன். புளூரின் சங்கிலியை எதுவும் கடிக்காது என்று பெருமைப்பட்டோம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதைக் கடிப்பதில்லை. டெப்லான் முதலியவற்றின் உற்பத்தியில் பயன்பட்ட ஒரு புளூரின் அமிலம் ஆற்று நீரிலும் மனித ரத்தத்திலும் தங்கிவிட்டது தெரிய வந்தது. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2023-இல் ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் இக்குடும்பம் முழுவதற்குமே கட்டுப்பாடு வேண்டுமென்று முன்மொழிந்தன. எந்தக் குணத்துக்காக இப்பொருளை நாடினோமோ அந்தக் குணமே குற்றமாயிற்று. ஆகவே புளூரின் இல்லாத சவ்வுக்கான தேடல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது. வளையங்கள் கோத்த உறுதியான சங்கிலிகளில் அமில முனைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பாலிபென்ஸிமிடசோல் என்ற பாலிமரில் பாஸ்பாரிக் அமிலத்தை ஊறவைத்து, நூறு டிகிரிக்கு மேலும் நீரின் துணையின்றி இயங்கும் சவ்வை 1990-களில் அமெரிக்காவில் அமைத்தார்கள். ஆயுளிலும் கடத்தும் திறனிலும் ஒன்று கூடினால் மற்றொன்று குறைவதே இன்னும் தீராத சங்கடம்.

நம் நாடு இத்தேடலில் எங்கே நிற்கிறது? அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்ரசாயன ஆய்வு நிலையம், புனேயின் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம், டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் இதில் கூடி உழைத்தவை. மின்வாய்க்கு வேண்டிய நுண்துளைக் கரித்தாளை டில்லி ஆய்வுக்கூடம் உருவாக்கியது. இத்தகைய உழைப்பின் பயனாக 2022 ஆகஸ்டில் புனேயில் ஒரு பேருந்து காட்டப்பட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று கொச்சியில் கட்டப்பட்ட எரிபொருள் மின்கலப் படகு ஒன்று, காசியின் கங்கைக்கென, தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. பசுமை ஹைட்ரஜனுக்காக 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. இவை மகிழத்தக்கவை. ஆயினும் இன்று நம் நாட்டில் உண்டாகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தே வருகிறது. அதன் உற்பத்தியில் கரியமில வாயுவும் எழுகிறது. வண்டியின் வாலில் புகை இல்லாததைக் கண்டு ஏமாறலாகாது. ஹைட்ரஜன் பிறந்த இடத்தில் புகை உண்டா என்றும் கேட்க வேண்டும்.

நேயர்களே, குரோவிடம் இருந்தது குறைபட்ட அறிவன்று. மண்ணைச் சோதித்த உழவுத் துறையினர், பிசின் காய்ச்சிய மருந்து வணிகர், பரிகசிக்கப்பட்ட பேராசிரியர், வாயு வராத உருளையை எறிந்துவிடாமல் அறுத்துப் பார்த்த இளைஞர் என்று தொடர்பற்ற பலரின் கைப்பொருள் வந்து சேரும்வரை அவருடைய கலம் காத்திருந்தது. இன்று மதுரையிலோ நெல்லையிலோ பிறந்து, புனேயிலும் பரோடாவிலும் கல்கத்தாவிலும் படித்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளில் எவரேனும் அடுத்த சவ்வைச் செய்யலாம். அது புரோட்டானை விட வேண்டும். ஆண்டுகள் உழைக்க வேண்டும். உழைத்து முடிந்தபின் மண்ணில் விஷமாய்த் தங்காமல் மறைய வேண்டும். முதலிரண்டை நேபியான் செய்துவிட்டது. மூன்றாவது இன்னும் பாக்கி.

அந்தப் பொறியாளர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். பென்சில் குறிப்பு எழுதிய அத்தாளின் நகலை என் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். ‘தடுப்பு’ என்று எழுதக் கை நீளும்போதெல்லாம் அதை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.